திருஷ்டி இழை

மட்டாஞ்சேரி பஜார் சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில், ஒரு மாடியறையில், கமலாக்ஷி பட்டுப்புடவைகளில் விழுந்த ஓட்டைகளை மூடுகிறாள். ஒட்டுத்துணி வைப்பதில்லை. புடவையின் உள்முனையிலிருந்தே இழைகளை உருவி, பாவும் ஊடையுமாக ஊசியால் கோத்து, கருகிப்போன கட்டத்தை மறுபடி கட்டமாக்கிவிடுவாள். டார்னிங் என்று சொல்வார்கள். இருபத்தாறு வருடங்களாகத் திருப்பூணித்துறை வரைக்கும் இந்த வேலைக்கு அவள் கைதான் என்று பேர்.

அந்தப் பேருக்கு அவள் சொன்ன காரணம் ரத்தம். சித்தூர்ப் பக்கத்து நெசவுக் குடும்பம் அவளுடையது. "எங்க ஆளுங்களுக்குக் கண்ணுக்குள்ளயே தறி இருக்கு" என்பாள். உண்மை வேறு. அப்பா வீட்டில் பெண்களைத் தறியில் உட்காரவே விட்டதில்லை. வெலிங்டன் தீவுக் கிடங்கில் மூட்டை சரிந்து கணவன் சங்கரலிங்கம் இடுப்பொடிந்து படுத்த வருஷம், பழம்புடவைகளை வாங்கிக் கிழித்துக் கிழித்து, விரலெல்லாம் குத்துப்பட்டுத் தானாகக் கற்ற தொழில் இது. தன் உழைப்பை மறைத்துவிட்டு, ஒன்றுமே செய்யாத முன்னோருக்குப் பெருமையைத் தூக்கிக் கொடுத்தாள். இந்த நாட்டில் அதுதான் மரியாதை.

அவள் வேலையில் ஒரு குறை இருந்தது. எவ்வளவு எண்ணினாலும், கடைசி வரியில் ஓர் இழை தப்பி விழும். ஆரம்ப நாட்களில் ஒரு வாடிக்கைக்காரி அதைக் கண்டுபிடித்துக் கேட்டபோது, பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள்: "திருஷ்டிக்காக வேணும்னு விட்டது மாமி. குறையே இல்லாட்டா கண்ணுபடும்." அந்தப் பொய் கமலாக்ஷியைவிட வேகமாக வளர்ந்தது. மாமிகள் புடவையை விரித்துத் திருஷ்டி இழையைத் தேடிக் கண்டுபிடித்து மகிழ்ந்தார்கள். அது இல்லாவிட்டால் கமலாக்ஷி வேலையே இல்லை என்றானது. நாளாக ஆக அவளும் அதை நம்பிவிட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அம்பிளி உதவிக்கு வந்தாள். நகராட்சித் துப்புரவுப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற காளிமுத்துவின் மகள். வீட்டில் தமிழ், எழுத்தில் மலையாளம். பொத்தான் தைக்கவும் ஓரம் மடிக்கவும்தான் அவளை வைத்தது. ஆறே மாதத்தில், கமலாக்ஷி சாப்பிட எழுந்த நேரத்தில், பாதியில் நின்ற ஒரு கட்டத்தை முடித்து வைத்திருந்தாள். அதில் இழை தப்பவில்லை.

அன்று தொடங்கியது எரிச்சல். அம்பிளி ஊசியில் ஒரே தடவையில் நூல் கோத்தால் எரிந்தது. சாயா குடித்துக்கொண்டே வேலையைப் பார்த்தால் எரிந்தது. அவள் கண் கண்ணாடி கேட்கவில்லை என்பது எல்லாவற்றையும்விட எரிந்தது.

கனகாம்பாள் மாமி தன் மகள் ஸாதனாவின் கல்யாணத்தன்று தான் உடுத்தப்போகும் புடவையோடு வந்தது இந்தச் சமயத்தில்தான். உடல் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகப் பாலும்பழமும் கட்டம். கரையில் வரிசையாகக் கோபுரங்கள். கற்பூரம் விழுந்து, ஒரு கோபுரத்தின் உச்சி கட்டத்தைத் தொடும் இடத்திலேயே பொசுங்கியிருந்தது. அதைவிட மோசமான இடம் புடவையில் கிடையாது.

"நீயே பண்ணணுமாக்கும், கேட்டியா?" என்றாள் மாமி. உள்ளறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் காலனிப் பொண்ணைத் தொட விடாதே. மங்கள காரியம்."

"நான் விடுவேனா மாமி?"

மாமி படியிறங்கியதும் கமலாக்ஷி புடவையை அம்பிளியின் மடியில் போட்டாள். அவள் தோற்பாள் என்ற நிச்சயத்தோடுதான் போட்டாள். தோற்றதும் சொல்லவேண்டிய வாக்கியமும் தயார்: 'என் கண்ணு தப்பின நேரத்துல அவ கைவெச்சுட்டா மாமி.' அதோடு அவள் கதை முடியும்.

நான்காம் நாள் அம்பிளி புடவையை மடித்து மேசைமேல் வைத்தாள். மாமி வரவிருந்த காலையில் கமலாக்ஷி ஜன்னல் வெளிச்சத்தில் அதை விரித்தாள். கோபுரம் கோபுரமாகப் பூதக்கண்ணாடியை நகர்த்தினாள். திருப்பிப் போட்டு இன்னொரு முறை நகர்த்தினாள். ஓட்டை இருந்த இடம் கிடைக்கவில்லை. தயாராக வைத்திருந்த வாக்கியம் இனி உதவாது. சரி, வேலையை எடுத்துக்கொள்வதுதான் மிச்சம்.

மாமியும் ஸாதனாவும் வந்தார்கள்.

"என் கண்ணே போச்சு மாமி இதுக்கு" என்றாள் கமலாக்ஷி.

மாமி புடவையைத் தடவித் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு சுருங்கியது. "திருஷ்டி இழை எங்கேடி?"

"இருக்கும் மாமி, நல்லா பாருங்க."

"பாத்துட்டேன். இல்லை. இது உன் கை இல்லையே!"

உள்ளறை வாசலில் அம்பிளி நின்றிருந்தாள். ஸாதனா அவளைப் பார்த்துக் கேட்டாள்: "சேச்சி, நீங்களா பண்ணினேள்?"

அம்பிளி வந்து ஒரு கோபுரத்தின் உச்சியில் விரலை வைத்தாள். "இவிடயாக்கும்." விரலை எடுத்தாள்.

மாமியின் கை புடவையிலிருந்து தானாக விலகிக்கொண்டது. தன் வீட்டு வாசலை இந்தப் பெண்ணின் தகப்பன் முப்பது வருஷம் சுத்தம் செய்தபோது வராத அழுக்கு, அவன் மகள் விரல் பட்டதும் வந்துவிட்டது.

"கமலாக்ஷி, அந்த இடத்தை மட்டும் பிரிச்சு நீயே போடு. நான் காத்திருக்கேன்."

"அம்மா!" என்றாள் ஸாதனா.

"நீ சும்மா இரு."

ஒன்றரை வருஷமாகக் கமலாக்ஷி காத்திருந்த வாய்ப்பு இதுதான். "செரி மாமி" என்று பிரிக்கும் ஊசியை எடுத்துக் குனிந்தாள். கோபுரங்கள் ஒன்றுபோல் நின்றன. இதுவா, அடுத்ததா?

"எந்த இடம்டீ?"

"ஒரு தடவை காட்டினேனில்லே? இனி காட்டமாட்டேன்" என்றாள் அம்பிளி.

கமலாக்ஷி தேடினாள். மாமி தேடினாள். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு தேடினாள். ஸாதனா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். தப்பான கோபுரத்தில் ஊசி வைத்தால் நல்ல புடவை பாழ். வைக்காவிட்டால் இருபத்தாறு வருஷப் பேர் பாழ். கமலாக்ஷியின் நெற்றியிலிருந்து ஒரு துளி வியர்வை பட்டில் விழப்போனது. அம்பிளி தன் கைக்குட்டையை நீட்டி அதை ஏந்திக்கொண்டாள். அதுவும் எரிந்தது.

கமலாக்ஷி ஊசியை மேசையில் வைத்தாள்.

"பிரிக்க இடம் தெரியல மாமி. தெரிஞ்சு பிரிச்சாலும் இதுபோல திருப்பிப் போட எனக்கு வராது."

"அப்ப நான் எதைக் கட்டிக்கறது?"

"இதைத்தான். இல்ல, தொட்ட இடத்தைக் கண்டுபிடிச்சு நீங்களே வெட்டி எடுத்துடுங்க."

ஸாதனா புடவையை மடித்துப் பையில் வைத்தாள். படியிறங்கும்போது திரும்பி, "சேச்சி, கல்யாணத்துக்கு வரணும்" என்றாள். கமலாக்ஷி தலையாட்டிய பிறகுதான் அழைப்பு தனக்கில்லை என்று புரிந்தது.

இரண்டு நாள் அவள் அம்பிளியோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"எத்தனை இழை எண்ணின?"

"எண்ணலை சேச்சி. கோபுரம் வரிக்கு வரி ரெண்டு ரெண்டா குறையுது. உச்சியில ஒண்ணு நிக்கும். ஒரு வரி சரியா வந்தா அடுத்தது எங்க முடியணும்னு தெரியுமில்லே."

அவ்வளவுதான். கண்ணுக்குள் தறியும் இல்லை, ரத்தமும் இல்லை. பள்ளிக்கூடக் கணக்கு. இருபத்தாறு வருஷத்தில் தனக்கு ஏன் தோன்றவில்லை என்பதைக் கமலாக்ஷியால் மன்னிக்க முடியவில்லை. தன்னையா, அவளையா என்று பிரித்துப் பார்க்கவும் முடியவில்லை.

மதியம் அம்பிளி சோறுண்ணக் கீழே போனாள். கமலாக்ஷி கையில் ஒரு கட்டம்போட்ட புடவை, வேலை முடிந்து கிடந்தது. கடைசி வரியில் வழக்கம்போல் ஓர் இழை தப்பியிருந்தது. படியில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். கேட்கவில்லை.

அந்த இழையை உருவி எடுத்துவிட்டு, மறுபடி கோக்கத் தொடங்கினாள்.