ஹலோ மாமா பட்டம் வாங்கிய நாள்

மாமாவுக்காக நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லோரும் அவரை 'டாக்டர்' என்றே சொன்னார்கள். ஒருவர் வாயிலிருந்துகூட 'ஹலோ' வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை என் பக்கம் சாய்ந்து, "யாரைப் பத்திடி பேசுறாங்க?" என்று கேட்டாள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவர் என் அம்மாவின் தம்பி. கல்யாணமோ கட்சிக் கூட்டமோ கடைத் திறப்போ, எங்கள் ஊரில் மைக் செட் என்றால் அவர்தான். மேடையில் ஏறி, மைக்கை விரலால் தட்டி, "ஹலோ... ஹலோ..." என்று அவர் சொன்ன பிறகுதான் விழா ஆரம்பித்ததாக அர்த்தம். பிள்ளைகள் வைத்த பெயர் அது. அப்புறம் பெரியவர்களும் 'ஹலோ சார்' என்றார்கள். வீட்டில் நாங்கள் 'ஹலோ மாமா' என்றோம்.

மாமாவால் சும்மா உட்கார முடியாது. "உட்காருங்க" என்றால் திட்டிவிட்ட மாதிரி பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே ஃபேன் கீழே போய் நிற்பார். "பேரிங் போச்சு" என்பார். டியூப்லைட்டைப் பார்த்து, "சோக் முனகுது" என்பார். யாருக்கும் கேட்காத சத்தங்கள் அவரைத் துரத்திக்கொண்டே இருந்தன. நிம்மதியாக அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. தூக்கத்திலும் கால் ஆடும்.

ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்த வருடம், விடியும் முன்பே வேனின் மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். "வெள்ளம் வருது, எச்சரிக்கை" என்று பொதுவாகச் சொன்னால் ஜனங்கள் புரண்டு படுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆளைச் சொல்லிக் கூப்பிட்டார். "தையல்காரம்மா! மெஷின் கிடக்கட்டும், நீ மேல ஏறு! மாடி வீட்டு வாத்தியாரே, கதவைத் திறந்து கீழ் வீட்டு ஆளுங்களை உள்ள விடும்! பழைய சண்டையை நாளைக்குப் போட்டுக்கலாம்!" தண்ணீர் வேனின் கதவைத் தொடும்வரை அவர் நிறுத்தவில்லை. அந்தத் தெருக்களில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அதற்காகத்தான், பல்கலைக்கழகமாகிவிட்ட எங்கள் ஊர்க் கல்லூரி, பல வருடம் கழித்து நினைவு வந்து, அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுப்பதாக அறிவித்தது. கூடவே ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த டாக்டரம்மாவுக்கும், கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவருக்கும்.

"நான் ஏற்கெனவே டாக்டர்தான். எனக்கு எதுக்கு இன்னொண்ணு?" என்றாராம் டாக்டரம்மா.

"எனக்குக் கொடுக்கிறதுக்குத் துணைக்கு ஒரு நிஜ டாக்டர் வேண்டாமா, அதுக்குத்தான்" என்றார் மாமா.

ஆனால் வீட்டில் யாரும் சந்தோஷமாக இல்லை. காரணம் இரைச்சல்.

மாமாவின் மகளை நாங்கள் 'வயர்' என்று கூப்பிடுவோம். தவழ்கிற வயதில் கேபிள் சுருளுக்குள் படுத்துத் தூங்குவாள். படித்து முடித்து வேறு எந்த வேலைக்கும் போகாமல் அப்பாவின் தொழிலுக்கே வந்தாள். மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய மிக்ஸர் பெட்டியை ஓரம்கட்டிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினாள். அன்றையிலிருந்து மாமாவுக்கு ஓர் இரைச்சல் கேட்டது.

"ம்ம்ம்னு ஒரு சத்தம். உனக்குக் கேக்கலையா?"

"இல்லப்பா."

"அப்போ உனக்குக் காது இல்ல."

கேபிள்களை மாற்றினாள். எர்த்தை மாற்றினாள். கம்பெனிக்காரனை வரவழைத்துப் பிரித்துக் காட்டினாள். இரைச்சல் போகவில்லை. சாப்பிடும்போது மாமா ஃபிரிட்ஜை அணைக்கச் சொல்வார். "அணைக்கிறேன். நாளைக்குத் திரிஞ்ச பாலை நீங்கதான் குடிக்கணும்" என்பாள் அத்தை. பக்கத்து வீட்டு மோட்டாரோடு சண்டைக்குப் போனார். சுற்றிச் சுற்றிக் கடைசியில் அந்த மிக்ஸரில் வந்து நிற்பார்.

வேன் சாவியை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. சாவி யாரிடம் இருக்கிறதோ, அவரிடம்தான் தொழில். வயர் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான். "இரைச்சல் போகட்டும், தர்றேன்."

ஒரு நாள் அவள் என்னிடம், "அக்கா, நிஜமாவே எனக்குக் காது சரியில்லையோ?" என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்பாள் என்று நான் நினைத்ததே இல்லை.

பட்டமளிப்பு விழாவுக்கும் எங்கள் செட்தான். மாமா மேடையில் இருப்பதால் முதல் முறையாக வயர் தனியாக நடத்த வேண்டும். முந்தின நாள் அவள் அப்பாவுக்கு எதிரே நின்று சொன்னாள். "நாளைக்கு நீங்க விருந்தாளி. மேடையை விட்டு இறங்கி என் மிக்ஸர்கிட்ட வந்தீங்கன்னா, அதோட நான் இந்தத் தொழிலை விட்டுடுவேன். ஊரே பார்த்துட்டிருக்கும். அப்பா வந்துதான் சரிபண்ணினாருன்னு ஒருதடவை பேர் வந்துட்டா அப்புறம் எனக்கு எவன் வேலை கொடுப்பான்?"

"நான் ஏன் வரப்போறேன்?" என்றார் மாமா, நின்றுகொண்டே.

கறுப்பு அங்கியும் குஞ்சம் வைத்த தொப்பியுமாக அவர் மேடை ஏறியபோது அத்தை, "வக்கீல் மாதிரி இருக்காருல்ல?" என்றாள். எனக்குச் சலவைக்குப் போட்ட திரைச்சீலையில் மாட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தது. டாக்டரம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி. உட்கார்ந்தார். கால் ஆட ஆரம்பித்தது. அங்கியின் ஓரமும் கூடவே ஆடியது.

துணைவேந்தர் பேச ஆரம்பித்ததுமே மாமா காது மடலைப் பிடித்தார்.

மைக் செட்காரர்களுக்கு மேடைக்கும் மிக்ஸருக்கும் நடுவே கைப் பேச்சு உண்டு. உள்ளங்கையைத் தாழ்த்தினால் சத்தத்தைக் குறை. காது மடலைப் பிடித்தால் இரைச்சல் இருக்கிறது. அரங்கத்தின் கடைசியில், மிக்ஸருக்குப் பின்னால் நின்ற வயர், தலையை இடமும் வலமும் ஆட்டினாள். இல்லை. மாமா மறுபடி காதைப் பிடித்தார். மறுபடி இல்லை. அவர் கையை உயர்த்தி ஸ்பீக்கரைச் சுட்டிக்காட்டினார். அங்கியின் அகலக் கை காற்றில் விசிறியது. தங்களுக்குத்தான் கையாட்டுகிறார் என்று நினைத்து முன்வரிசை மாணவர்கள் திருப்பிக் கையாட்டினார்கள். துணைவேந்தரும் பேச்சுக்கு நடுவில் திரும்பிப் பார்த்து ஒரு வணக்கம் வைத்தார்.

"ஐயோ, மானம் போகுது" என்று அத்தை தலையில் கை வைத்தாள்.

நான் மாமாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை எழப் போனார். டாக்டரம்மா ஏதோ கேட்டார். மாமா மறுபடி உட்கார்ந்தார்.

பட்டத்துக்காக அவர் பெயரை முழுதாக வாசித்தார்கள். யார் அது என்று கூட்டம் விழித்தது. பின்னாலிருந்து யாரோ, "நம்ம ஹலோ சார்டா!" என்று கத்திய பிறகுதான் கைதட்டல் கூரையைத் தூக்கியது. சுருளை வாங்கிக்கொண்டு, இரண்டு வார்த்தை பேச மைக்குக்கு வந்தார். பழக்கம் விடுமா, விரலால் தட்டினார். "ஹலோ" என்றார். அரங்கமே, "ஹலோ!" என்றது. மாமா சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு முஷ்டியை மூடித் தலைக்கு மேல் தூக்கினார்.

அதற்கு அர்த்தம், எல்லாவற்றையும் நிறுத்து. முன்னொரு காலத்தில் ஒரு பாடகர் ஈர மைக்கைப் பிடித்துக் கரண்டில் ஒட்டிக்கொண்டபோது மாமா கண்டுபிடித்த சைகை. மூடிய கையைப் பார்த்தால் ஏன் என்று கேட்கக் கூடாது, நிறுத்திவிட்டுத்தான் மற்றது. இறங்கி வரமாட்டேன் என்ற வாக்கை அவர் மீறவில்லை. நின்ற இடத்திலிருந்தே அவளைக் கவிழ்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். வயரின் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் அவள் கை தாமதிக்கவில்லை. செட்டின் மெயின் ஸ்விட்சை இறக்கினாள்.

ஸ்பீக்கர்கள் செத்தன. "கரண்ட் போச்சா?" "லைட் எரியுதே?" "செட்டு அவுட்டு போல" என்று முணுமுணுப்பு எழுந்தது. மாமா உதட்டில் விரலை வைத்தார். அரங்கம் அடங்கியது. அவ்வளவு பேர் இருந்த இடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை.

அந்த அமைதியில் மாமா தலையை மெதுவாக ஒரு பக்கம் திருப்பினார். பிறகு மறுபக்கம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எங்களுக்குச் சின்ன வயதில் அவர் சொல்லிக்கொடுத்த வித்தை அது. தலையைத் திருப்பு. சத்தம் அதன் இடத்தில் நிற்கும், உன் காதுதான் நகரும். மாமா மூன்றாவது முறையும் திருப்பினார். அப்படியே நின்றார். அன்று முழுவதும் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டதை அப்போதுதான் கவனித்தேன்.

முஷ்டியைத் திறந்தார். வயர் மெயினை ஏற்றினாள்.

"ஹலோ" என்றார். குரல் துல்லியமாக எங்கும் பரவியது. "மன்னிக்கணும். ஒரு சின்ன டெஸ்ட். செட் சுத்தமா இருக்கு. ஒரு பொட்டு இரைச்சல் கிடையாது. அங்க பின்னாடி நிக்கிறது என் பொண்ணு. இனிமே இந்த ஊர்ல யாருக்கு மைக் வேணும்னாலும் அவகிட்டப் பேசுங்க. எனக்கு இவ்வளவுதான் பேசத் தெரியும்."

ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள். வெள்ளத்துக்காகத் தட்டினார்கள். அந்தச் சோதனையையும் ஏதோ வேடிக்கை என்றே நினைத்தார்கள். மிக்ஸருக்குப் பின்னால் வயர் மட்டும் தட்டவில்லை. அவளும் அப்பா தலையைத் திருப்பியதைப் பார்த்திருந்தாள்.

விழா முடிந்து பெட்டிகளை ஏற்றும்போது மாமா எதையும் தொடவில்லை. பின்னால் கைகளைக் கோத்துக்கொண்டு வேன் பக்கத்தில் நின்றார். அத்தை தொப்பியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தாள். டாக்டரம்மா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"எந்தக் காதுல?"

மாமா இடது காதுக்குப் பின்னால் தட்டினார். "தலையைத் திருப்பினா அதுவும் கூடவே திரும்புதும்மா."

"எவ்வளவு நாளா?"

"பாவம், மிக்ஸர் வந்ததுலேருந்து."

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் சொல்லி வைக்கிறேன். வராம இருந்தீங்க, ஊர் முழுக்க மைக் போட்டுச் சொல்லிடுவேன்."

"செட் வாடகை என் பொண்ணுகிட்டப் பேசிக்கோங்க" என்றார் மாமா.

அந்தக் காதுக்குப் பின்னால் வளர்ந்திருந்ததற்கு ஆஸ்பத்திரியில் நீளமாக ஒரு பெயர் சொன்னார்கள். அடுத்த பட்டமளிப்பு விழா வரைக்கும் மாமா இருக்கவில்லை.

ஆனால் அன்று, டாக்டரம்மா போன பிறகு, மாமா பையிலிருந்து வேன் சாவியை எடுத்து நீட்டினார். வயர் வாங்கவில்லை.

"இரைச்சல் போகட்டும்னு சொன்னீங்களே."

"உன் செட்டுல என்னைக்குமே இல்லடி. பிடி."

"வேண்டாம்ப்பா. இப்படி வேண்டாம்."

"கை வலிக்குது, பிடி."

வாங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தை வந்து, "அங்கியைக் கேக்கிறாங்க, கழட்டுங்க. நிஜமாவே டாக்டர்னு நினைப்பா?" என்று அதட்டிக் கழற்றி வாங்கினாள். அவளிடம் நாங்கள் அப்போது எதுவும் சொல்லவில்லை.

மாமா அந்த வேனில் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. நானும் அத்தையும் பின்னால், ஸ்பீக்கர் பெட்டிகளோடு. கல்லூரி வாசலைத் தாண்டவில்லை, ஆரம்பித்துவிட்டார்.

"ஹாரன் அடி, முன்னாடி ஆள் போறாரு."

"தெரியுதுப்பா."

"மேட்டுல மெதுவா. பின்னாடி பெட்டி ஆடுது."

"ஆடலப்பா."

"ஆடுது. எனக்குக் கேக்குது."

வயர் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி வந்து பின்கதவைத் திறந்தாள். கடைசிப் பெட்டியின் கயிறு தளர்ந்திருந்தது. அதை இறுக்கிக் கட்டிவிட்டுத் திரும்ப ஏறினாள்.

"ஆடிச்சுப்பா" என்றாள்.

மாமா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கால் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது.