பூட்டாத ஏழு வீடுகள்

"ராக்கம்மாக்கா, வாழைக்கொல்லைத் தெருவுல ஏழு வீடு பூட்டியிருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே" என்று ரஞ்சனி கேட்டாள்.

மார்ச் மாதத்து மத்தியானம். திருச்சி கே.கே. நகரில் ஒரு வாடகை வீட்டின் மாடிதான் ஆராய்ச்சிக் குழுவின் அலுவலகம். வீடு வீடாகப் போனவர்கள் எழுதிக்கொண்டு வரும் தாள்களைச் சரிபார்ப்பது ரஞ்சனியின் வேலை. வெயிலில் இருந்து அப்போதுதான் ஏறி வந்த ராக்கம்மாள் ஃபேனுக்கு நேராகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா, பூட்டியிருந்துச்சு."

"பாதி வீடு பக்கம் பக்கமா இருக்கே?"

"பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்து கெளம்பக் கூடாதா? சமயபுரத்துக்குப் பூ கொண்டு போயிருப்பாங்க."

"மூணு தடவை போனப்பவுமா?"

"மூணு தடவையும்தான். அம்மனுக்கு ஒரு தடவை பூப்போட்டாப் போதும்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

"அதுல ஒண்ணு டெய்லர் வீடுக்கா. வாசல்லயே மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பாருன்னு நீங்கதானே சொன்னீங்க."

ராக்கம்மாள் தண்ணீர் பாட்டிலை அண்ணாந்து குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள். "மெஷின் இருந்துச்சு. ஆளக் காணோம். ஏன் ரஞ்சனிம்மா, சி.ஐ.டி. வேலைக்கு மனுப் போட்டிருக்கீங்களா?"

அறையில் இருந்த மற்ற இருவரும் சிரித்தார்கள். ரஞ்சனியும் சிரித்தாள். இன்னொரு கேள்வி அவள் நாக்கு நுனியில் இருந்தது. மூன்று தடவை போனதாக எழுதிய மூன்று தேதிகளும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது போல இருந்தன. ஆனால் எதையும் அழுத்திக் கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஏழு தாள்களிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள்.

அந்த ஏழு டிக்குகளை அவள் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள்.

ராக்கம்மாளுக்கு வயது முப்பத்தெட்டு. முக்கொம்புக்கு மேற்கே ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் வாழைத் தோட்டத்தில் கூலி வேலை. அம்மா இறந்தபோது ராக்கம்மாளுக்குப் பத்தொன்பது, தங்கை கலைமதிக்கு ஆறு. தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு திருச்சிக்கு வந்தவள், மன்னார்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலையில் சேர்ந்தாள். கழுவிக்கொண்டே பார்த்தாள். பார்த்துப் பார்த்தே ரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்டு, பிறகு அதற்கான படிப்பையும் முடித்தாள். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து நின்றுபோனது. மூன்றாவது முறை அவளே வேண்டாம் என்றுவிட்டாள். கலைமதியை பி.காம். படிக்க வைத்தாள்.

குழந்தைகளுக்கு ஊசி குத்துவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பிள்ளையை எதிரில் உட்கார வைத்து, "சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறுறோம், ஸ்ரீரங்கத்துல எறங்குறோம். நடுவுல என்னென்ன ஸ்டாப்பு, சொல்லு பாப்போம்" என்பாள். காவிரிப் பாலம், மாம்பழச்சாலை, அம்மா மண்டபம் என்று பிள்ளை அடுக்கிக்கொண்டு வருவதற்குள் விரல் நுனியில் குத்தி, ரத்தம் சேகரிக்கும் அட்டையில் இருக்கும் ஐந்து வட்டங்களிலும் சொட்டு வைத்து, பஞ்சை அழுத்தியிருப்பாள். "அய்யோ, ராஜகோபுரத்த விட்டுட்டியே! எறங்கி நடந்து வா" என்று அவள் அதட்டும்போதுதான் பிள்ளைக்குக் குத்தினதே உறைக்கும்.

இப்போது அவள் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த இந்த ஆராய்ச்சி, மீசில்ஸ் என்கிற மணல்வாரி அம்மையைப் பற்றியது. கொரோனா வருடங்களில் பல குழந்தைகளுக்குத் தடுப்பூசி விட்டுப்போயிருந்தது. எந்தத் தெருவில் எத்தனை குழந்தைகளின் ரத்தத்தில் அந்த நோயை எதிர்க்கும் சக்தி இருக்கிறது என்று ஸ்ரீரங்கம் பக்கத்தில் தெருத் தெருவாகப் பார்த்தார்கள். தெருவுக்கு முப்பது குழந்தைகள், ஒரு வயதிலிருந்து ஒன்பது வரை. எந்த வீட்டுக்குப் போவது என்பதைக் கம்ப்யூட்டர் முன்பே குறித்துவிடும். வீடு பூட்டியிருந்தால் மூன்று முறை போக வேண்டும். அப்போதும் ஆள் இல்லையென்றால் அடுத்த வீட்டில் எடுக்கலாம். நூறு குழந்தைகளில் தொண்ணூற்றைந்து பேருக்குச் சக்தி இருந்தால் அந்தத் தெரு பச்சை. அதற்குக் கீழே இறங்கினால் மணல்வாரி எப்படியும் ஒரு வழி கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்ட தெரு சிவப்பு. சிவப்புத் தெருக்களுக்குத்தான் சுகாதாரத் துறை தனி முகாம் போடும்.

வாழைக்கொல்லைத் தெருவில் முப்பதுக்கு இருபத்தொன்பது பேருக்குச் சக்தி இருந்தது. ரஞ்சனி தன் கையாலேயே வரைபடத்தில் அந்தத் தெருவுக்குப் பச்சை பூசினாள்.

கொள்ளிடக் கரையை ஒட்டிய தெரு அது. வாழைத்தார் ஏற்றி இறக்குகிறவர்கள்தான் பெரும்பாலும். கலைமதி கல்யாணம் ஆகிப் போனதும் அதே தெருவுக்குத்தான். அவளுடைய பையன் அழகிரிக்கு அப்போது ஏழு மாதம். மணல்வாரிக்கு முதல் ஊசி ஒன்பது மாதம் முடிந்துதான் போடுவார்கள். அதுவரை தாயிடமிருந்து வந்த சக்திதான் பிள்ளைக்குக் காவல். அதுவும் மாதத்துக்கு மாதம் கரைந்துகொண்டே வரும். இது ராக்கம்மாளுக்குத் தெரியும். வீடு வீடாகப் போய் இதைத்தான் அவள் எல்லா அம்மாக்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவளிடமிருந்து போன் வந்தது.

"ரஞ்சனிம்மா, தங்கச்சி தெரு என்ன கலரு?"

"பச்சைக்கா."

மறுமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. போன் துண்டானது.

ஒரு மணி நேரத்தில் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

"அந்த ஏழு வீடும் பூட்டல."

"மறுத்துட்டாங்களா?"

"நான் கேக்கவே இல்லயே, எப்படி மறுப்பாங்க? வாசல்ல வேப்பிலை சொருகியிருந்துச்சு. உள்ள அம்மா வந்திருக்கா. கையில ஊசியோட அந்த வீட்டுக்குள்ள எப்படிக் கால வைக்கிறது? கும்புட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன்."

"அத எழுதியிருக்கலாமேக்கா."

"எங்க எழுதறது? சம்மதம், மறுப்பு, பூட்டு, குழந்தை இல்ல. உங்க ஃபார்ம்ல நாலு கட்டந்தான இருக்கு."

பிறகு ரஞ்சனி கேட்காமலே சொன்னாள். அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தம்பிக்கு மணல்வாரி போட்டிருந்தது. ஐந்து வயசுப் பையன். மூச்சு இரைத்தது என்று அப்பா பக்கத்து ஊர்க் கம்பவுண்டரை அழைத்து வந்து ஊசி போட வைத்தார். இரண்டாம் நாள் தம்பி இறந்துவிட்டான். ஊசி குத்தியதால்தான் ஆத்தாளுக்குக் கோபம் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நெஞ்சுல சளி கட்டித்தான் செத்தான். இப்ப எனக்கு அது தெரியுது. ஆனா அந்த வாசலப் பாத்தா காலு நகர மாட்டேங்குதும்மா."

ரஞ்சனி கணக்கை மறுபடி போட்டாள். பூட்டிய வீடுகளுக்குப் பதிலாக எடுத்த ஏழு குழந்தைகளும் ஊசி போட்டவர்கள். அவர்களை எடுத்துவிட்டு, வேப்பிலை வீட்டுக் குழந்தைகளைச் சக்தி இல்லாதவர்களாக வைத்தால் முப்பதுக்கு இருபத்திரண்டு. நூற்றுக்கு எழுபத்துமூன்று. பச்சையாக இருந்த தெரு திரையில் சிவப்பாக மாறியது. அந்த நிறத்தில்தான் அது ஒரு மாதமாக இருந்திருக்கிறது.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் ராக்கம்மாள். "ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டுப் பொண்ணு அழகிரிய மத்தியானம் பூரா மடியில வச்சிருந்திருக்கு. வெறும் இருமல்னுதான் நெனச்சிருக்காங்க. நேத்து அதுக்கு மேலெல்லாம் செவந்துடுச்சு. வேப்பிலை சொருகிட்டாங்க."

வேப்பிலை எப்போதும் தாமதமாகத்தான் வாசலுக்கு வரும். உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நாலு நாள் முன்பே மணல்வாரி மூச்சுக்காற்றில் வெளியே கிளம்பிவிடும். அந்த நாலு நாளும் பிள்ளை தெருவில்தான் விளையாடிக்கொண்டிருக்கும்.

நோய் பரவுகிறது என்று அறிவித்த இடத்தில் ஆறு மாதக் குழந்தைக்கே முன்கூட்டி ஊசி போடலாம். தொற்று பட்ட மூன்று நாளுக்குள் போட்டால் நோய் வராமல் தடுக்கவும் வாய்ப்பு உண்டு. திங்கட்கிழமை சாயங்காலமே ராக்கம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடியிருக்கிறாள். நர்ஸ் சிவப்புத் தெருக்களின் பட்டியலை எடுத்துக் காட்டினாளாம். "உங்க தெரு இதுல இல்லயேங்க. ஒம்போது மாசம் முடிஞ்சதும் வாங்க." மன்னார்புரத்தில் தெரிந்த டாக்டரும் அதையேதான் சொன்னார்.

குழுவின் தலைவர் டாக்டர் பீமராவ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கத்துவார் என்று ரஞ்சனி எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை.

"நம்ம வாய்வார்த்தைய நம்பி அவங்க பட்டியல மாத்த மாட்டாங்க. நாளைக்கு ரெண்டு பேரும் அந்த ஏழு வீட்டுக்கும் போங்க. ஊசி வேண்டாம். கேட்டு எழுதிட்டு வாங்க. சாயங்காலத்துக்குள்ள நான் அனுப்பிடறேன்."

புதன்கிழமை போனார்கள். தெருவுக்குள் நுழைந்ததும் ரஞ்சனி வாசல்களை எண்ண ஆரம்பித்தாள். புதிதாக ஒன்பது வீடுகளில் வேப்பிலை. சில வாசல்களில் அது காய்ந்து சருகாகியிருந்தது. சிலவற்றில் அன்று காலை பறித்த பச்சை. ஒருவரும் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. அம்மா வந்திருப்பதைப் போய் யாரிடம் புகார் சொல்வார்கள்? தெரு முழுக்க மஞ்சள் வாசனை. பள்ளிக்கூட நாளாக இருந்தும் பிள்ளைகளின் சத்தமே இல்லாமல் உள்ளே உள்ளே இருமல் மட்டும் கேட்டது.

டெய்லர் வீட்டு வாசலில் ராக்கம்மாள் பையையும் செருப்பையும் வெளியே விட்டாள். குழாயில் காலைக் கழுவினாள். அப்படியும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

டெய்லரின் மனைவி மகாலட்சுமி பாய் விரித்து உட்காரச் சொன்னாள். பையன் சுவரோரம் சாய்ந்திருந்தான். தடிப்பு இறங்கி மூன்று வாரமாகியும் விலா எலும்பு தெரிய இருமினான். ஊசி போட்ட அட்டை இருக்கிறதா என்று கேட்டதற்கு, "அந்த லாக்டவுன் வருசம் பொறந்தவன். அப்ப போடல, அப்புறம் விட்டுப்போச்சு" என்றாள். பிறகு ராக்கம்மாளையே பார்த்தாள்.

"அன்னைக்கே வந்தீங்களேக்கா. வாசல்ல நின்னு கும்புட்டுட்டு அப்படியே போயிட்டீங்க. இவனுக்கு மூச்சு வாங்குதே, ஒரு வார்த்தை உங்ககிட்ட கேப்போம்னு எந்திரிச்சேன். அதுக்குள்ள அடுத்த வீட்டுக்குப் போயிட்டீங்க."

ராக்கம்மாள் பையனை இழுத்து மடியில் போட்டு, முதுகில் காதை வைத்துக் கேட்டாள். அன்றைக்கே ஆட்டோ பிடித்து அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் அறிக்கை போனது. கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி சென்னையில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். வியாழக்கிழமை காலை பட்டியல் மாறியது. மத்தியானம் தெருமுனையில் பந்தல் போட்டு முகாம் நடந்தது. எல்லாப் பிள்ளைகளோடும் அழகிரிக்கும் ஊசி போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அது நாலாவது நாள். ஒரு நாள் தாண்டிவிட்டது. ஒரு நாளில் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆகாமலும் போகலாம் என்றார் பீமராவ்.

அதன் பிறகும் ராக்கம்மாள் வேலைக்கு வந்தாள். பஸ் ஸ்டாப் கதை சொல்வதை மட்டும் விட்டுவிட்டாள். வாயைத் திறக்காமல் குத்தினாள். பிள்ளைகள் அழுதார்கள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை அவள் கூப்பிட்டு ரஞ்சனி வாழைக்கொல்லைத் தெருவுக்குப் போனாள். கலைமதி உள்ளே தூளி ஆட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா இல்லன்னா இவனுக்கு ஊசியே கெடச்சிருக்காதுங்க. ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு வாங்கிக் குடுத்துச்சு" என்றாள். குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி. கண்ணோரம் சிவந்து நீர் கோத்திருந்தது. நூற்றொன்று காய்ச்சல்.

ராக்கம்மாள் ரஞ்சனியை வாசலுக்கு அழைத்து வந்தாள்.

"ஊசி போட்டு ஒம்போது நாளு. ஊசிக் காய்ச்சல் வர்ற நாளு இதுதானே?"

"ஆமாக்கா."

"அந்தப் பொண்ணு மடியில இருந்து பதிமூணு நாளு. மணல்வாரிக் காய்ச்சல் வர்ற நாளும் இதுதானே?"

ரஞ்சனி தலையை ஆட்டினாள். இரண்டு கணக்கும் ஒரே நாளில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. எது என்று தெரிய இன்னும் இரண்டு நாள் ஆகும். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. எதிர்வீட்டு நிலையில் செருகிய வேப்பிலைக் கொத்து லேசாக அசைந்தது.

"கலைமதிக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் காப்பாத்தினேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா." ராக்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க உள்ள போய்ச் சொல்லுங்க ரஞ்சனிம்மா. இந்தத் தெருவுல நான் என்ன எழுதினேன், அதனால பட்டியல்ல தெரு ஏன் இல்லாமப் போச்சு, எல்லாம். எனக்குச் சொல்ல வரல, நாலு தடவ பாத்துட்டேன். பிள்ளைக்குச் சரியாயிடுச்சுன்னா நான் சொல்லவே மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். வேற மாதிரி ஆயிடுச்சுன்னா அவ காதுல எதுவும் விழாது. எந்தக் காய்ச்சல்னு தெரியறதுக்கு முன்னாடி, இப்பவே சொல்லிடுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."