வெர்னா பொய் எழுத மறுத்த பக்கம்

வெர்னா டிலார்ட் பதினோரு வருஷம் ரோந்துக் கார் ஓட்டியவள். திருடன் ஒருவனைத் துரத்திக்கொண்டு வேலி தாண்டியதில் முழங்கால் போயிற்று. எங்கள் மார்லோ ஃபெரி ஊர்ப் போலீஸ் தலைவர் கெம்பர், நாங்கள் யாரும் வேண்டாமென்று ஓடிய வேலையை அவள் தலையில் கட்டினார். அதுதான் எங்கள் காவல்துறைக்குத் தரச்சான்று வாங்கும் வேலை. விதிகள் நானூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றின்படியும் நடக்கிறோம் என்பதற்கு மூன்று வருஷ அத்தாட்சி வேண்டும். வெளியூரிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வந்து பார்ப்பார்கள். நான் ரேடியோ அறையில் அவசர அழைப்புகளை எடுப்பவள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் மேஜை. அவள் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கும்.

லாக்கப்பில் இருப்பவரை அரை மணிக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது ஒரு விதி. லாக்கப் பொறுப்பு டக் ஹோலிஸிடம். அவன் பதிவேட்டைப் புரட்டிய வெர்னா ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"டக், போன வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்கு எங்கே இருந்தே?"

"லாக்கப்புலதான். எழுதியிருக்கே, கண்ணு தெரியலையா?"

"தீயணைப்பு நிலைய விருந்துல என் பக்கத்துல நின்னு ரெண்டாவது கிண்ணம் சூப் வாங்கினியேடா!"

"உள்ளே இருந்தவன் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தான். பறந்தா போயிடுவான்?"

கெம்பரிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பக்கத்தை விடும்மா. வேற நல்ல மாசமாப் பார்த்துக் காட்டு."

"நல்ல மாசம்னு ஒண்ணு இருந்தாக் காட்டமாட்டேனா சார்? மூணு வருஷத்தையும் புரட்டிட்டேன். எல்லாம் ஒரே பேனா, ஒரே மூச்சுல எழுதினது."

'இந்த விதி பின்பற்றப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தாள். மதிப்பீட்டாளர்கள், அதற்குள் இதைச் சரிசெய்து காட்டினால் போதும் என்று, சான்று தருவதை ஒரு வருஷம் தள்ளிப் போட்டார்கள். கார்களில் ஒட்டுவதற்கென்று 'சான்று பெற்ற காவல்துறை' என மேயர் முன்கூட்டியே அச்சடித்திருந்த ஸ்டிக்கர்கள் பெட்டியோடு கிடந்தன. பாதிப் பேர் வெர்னாவிடம் பேசுவதை நிறுத்தினார்கள். யாரோ கழிவறைக் காகிதச் சுருள் ஒன்றை அவள் மேஜையில் வைத்து 'பேப்பர் ராணிக்கு' என்று எழுதியிருந்தார்கள். சிந்தின காபியை அதைக் கிழித்துத் துடைத்தாள்.

அந்த வருஷம் முழுக்க, வலிக்கும் காலோடு தினமும் படியிறங்கி லாக்கப்புக்குப் போனாள்.

"மறுபடியும் வந்துட்டியா? உனக்கு வீடு வாசல் இல்லையா?" என்பான் டக்.

"நீ ஒழுங்காப் பார்த்தா நான் ஏன் வரேன்?"

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தாறுமாறாகக் கார் ஓட்டினாரென்று லைல் ஆஸ்குட் என்பவரைப் பிடித்து வந்தார்கள். நாக்குக் குழறியது. குடிதான் என்று உள்ளே தள்ளினார்கள். பதினோரு மணிக்கு டக் முனகிக்கொண்டே போய்க் கூப்பிட்டான். பதில் இல்லை. கதவைத் திறந்து உலுக்கினான். உடம்பெல்லாம் வியர்வை, கண் சொருகியிருந்தது. அவன் போட்ட கத்தலில் ஆம்புலன்ஸை நான்தான் அழைத்தேன். குடியே இல்லை, சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. இன்னும் அரை மணி போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று ஆம்புலன்ஸ்காரர் சொன்னார்.

டக் லாக்கப்புக்கு வெளியே தரையில் உட்கார்ந்தான். வெர்னா பதிவேட்டோடு வந்தாள்.

"பதினோரு மணின்னு எழுதியிருக்கே. கையெழுத்து எங்கே?"

"அடிப்பாவி, ஒரு மனுஷனைக் காப்பாத்தியிருக்கேன்!"

"தெரியும். நிதானமாப் போடு."

போட்டான்.

இலையுதிர் காலத்தில் சான்று வந்தது. சான்றுப் பலகையை வாங்கியவர் கெம்பர், படத்தில் சிரித்தவர் மேயர். மறு வாரமே வெர்னாவுக்குத் தடியான உறை ஒன்று வந்தது: விதிகளின் புதிய பதிப்பு, முப்பத்தெட்டு மாற்றங்களோடு.

"இவனுங்களுக்கு வேற வேலையே கிடையாதா!" என்று மேஜையில் தலையைச் சாய்த்தாள். பிறகு நிமிர்ந்து, முதல் பக்கத்தைப் பிரித்தாள். அதன் பிறகும் ஒன்பது வருஷம் அந்த நாற்காலியில்தான் இருந்தாள்.