வாத்தியார் நீட்டிய வெற்றிலை

அடுத்த வருஷம் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான் என்று ஒன்பது வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருவர், சித்திரை முதல் நாள் கோயிலில் பஞ்சாங்கம் படிக்கிற ஐயர். இன்னொருவர், கோடைக்குப் பள்ளிக்கூடம் மூடுகிற நாளில் காகிதம் படிக்கிற எங்கள் வாத்தியார். ஐயர் சொன்ன மழை பல வருஷங்களில் எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வாத்தியார் சொன்னது ஒன்றுகூடத் தவறியதில்லை. ஆகவே என் பக்தி முழுவதும் வாத்தியார் பக்கம்தான்.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு இரண்டொரு வருஷம் முந்திய காலம் அது. ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில், தறிச் சத்தம் ஓயாத சின்ன ஊர் எங்களுடையது. மாரியம்மன் கோயில் சாவடியில் பள்ளிக்கூடம் நடந்தது. மூன்றாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் பையன்கள் ஆட்டையாம்பட்டிக்கு நடந்து போய்ப் படித்தார்கள். பெண்பிள்ளைகள் வீட்டில் ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுற்றினார்கள். தறியில் ஓடுகிற நாடாவுக்குள் போடும் நூல்குழலுக்குத்தான் தார் என்று பெயர். நெய்கிறவருக்கு அது தீரத் தீரச் சுற்றிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான் என்று அப்பா முடிவு செய்து வைத்திருந்தார். நான் மூன்றாம் வகுப்பு முடிப்பது ஒன்றுதான் பாக்கி.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் மூடுகிற நாளை வாத்தியார் செவ்வாய்க்கிழமையில் வைத்தார். செவ்வாய்க்கிழமை ஆண்கள் எல்லோரும் சேலை மூட்டையோடு சேலத்துக்குப் போகிற நாள். ஆறு வருஷமாக எங்கள் ஊரில் குடியிருந்தும் இந்த மனுஷனுக்கு இது தெரியவில்லையே என்று பிற்பாடு ஊரே சிரித்தது. பிள்ளை தேறியதா இல்லையா என்று கேட்க ஆண்களுக்குப் பதிலாக அம்மாக்கள் வந்து சாவடியில் உட்கார்ந்தார்கள்.

முதலில் தேறியவர்களின் பெயர்களைப் படித்தார். என் பெயரும் வந்தது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை. தேறினால் ராட்டை என்பது எனக்குத் தெரியும். அப்புறம் நீல முத்திரை குத்திய ஒரு காகிதத்தைப் பிரித்தார். அதுவரை சளசளத்துக்கொண்டிருந்த சாவடி அடங்கியது.

ஆனி மாதம் பள்ளிக்கூடம் சாவடியில் திறக்காது, ஏரிக்கரையில் எழும்பிக்கொண்டிருக்கும் ஓட்டுக் கட்டடத்தில் திறக்கும் என்றார். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் புதிதாக வரும் என்றார். பூமி உருண்டை ஒன்று மரப்பெட்டியில் வந்து சேரும், அதைக் கையால் சுற்றலாம் என்றார். கடைசியாக, பாடம் சொல்லித்தர ஒரு டீச்சரம்மா வருவார் என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இன்னும் பிறக்காத ஆனி மாதம் அந்தக் காகிதத்துக்குள் ஓட்டுக் கட்டடமும் உருண்டையுமாக உட்கார்ந்திருக்கிறது! அதிலும் டீச்சரம்மா! நாற்காலியில் உட்காரும் பெண்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஆனா ஒண்ணுங்க, நாலாம் வகுப்புக்கு ஆறு பொண்ணுங்களாச்சும் சேர்ந்தாத்தான் டீச்சரம்மாவ அனுப்புவாங்க. பேரு நாளைக்கே தபால்ல போகோணும்" என்றார் வாத்தியார்.

ஊட்டுக்காரர் வரட்டும், கேட்டுச் சொல்கிறோம் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். வாத்தியார் ஒரு தாம்பாளத்தை எடுத்து நடுவில் வைத்தார். வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் இருந்தன.

"கைநாட்டெல்லாம் வேண்டாமுங்க. பொண்ண அனுப்பறவங்க வெத்தலை எடுத்துக்குங்க. எடுத்தா வாக்குக் குடுத்தாப்பல."

எங்கள் பக்கத்தில் கல்யாணமே வெற்றிலையில்தான் நிச்சயமாகும். எடுத்தால் எடுத்ததுதான். மனசு மாறினால், எடுத்த வெற்றிலையை வாடாமல் சிதையாமல் தாம்பாளத்தில் திருப்பி வைக்க வேண்டும். அப்போதுதான் வாக்கு ரத்தாகும். ஆகவே பெண்கள் அந்தத் தாம்பாளத்தை, அதில் தேள் ஊர்கிற மாதிரி தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது தூணோரம் இருந்து என் அம்மா எழுந்தாள். நாலு பேர் முன்னால் நடக்கவே கூச்சப்படுகிறவள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய், இரண்டு கையாலும் வெற்றிலையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வாத்தியார் என் பெயரை எழுதினார். நான் என் அம்மாவை, வேறு யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல வாய் பிளந்து பார்த்தேன். அவளைப் பார்த்து இன்னொருத்தி எழுந்தாள், அப்புறம் இன்னொருத்தி. தாம்பாளம் காலியாகிவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் தெருமுனையில் அப்பாவின் குரல் கேட்டது. ஏரிக்கரையிலேயே யாரோ சேதியை அவர் காதில் போட்டுவிட்டார்கள் என்பது குரலிலேயே தெரிந்தது. அடுப்படியில் நின்றிருந்த அம்மா சட்டென்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அப்பாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை ஒரு விரல் நிறைய வழித்து வெற்றிலையில் தடவி, பாக்கோடு மொத்தத்தையும் வாயில் திணித்து மென்றாள். இருமல் வந்தது, கண்ணில் தண்ணீராகக் கொட்டியது. ஆனாலும் மென்றாள். எனக்கு ஒரே சிரிப்பு.

"எங்க புள்ள அந்த வெத்தல? குடு, நானே போயித் திருப்பிக் குடுத்துட்டு வாரேன்" என்றபடி அப்பா உள்ளே வந்தார்.

அம்மா வாயைத் திறந்து காட்டினாள். கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

அப்பா குனிந்து பார்த்தார். "நீ எப்பப் புள்ள வெத்தல போடப் பழகுன?"

"எடுத்தாந்தது வாடிப் போகுமேன்னு போட்டுட்டனுங்க. எனக்கென்னங்க தெரியும்?"

அறுந்த நூலைக்கூட வீசாமல் முடிச்சுப் போடுகிற வீடு எங்களுடையது. ஆகவே அந்தப் பதில் எனக்கு நியாயமாகவே பட்டது. அப்பா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, "போச்சு, என்ற தாருக்கு ஆளு போச்சு" என்றார். சுண்ணாம்பில் நாக்கு வெந்து போய் அம்மா மூன்று நாள் மோர்ச்சோறு தவிர எதுவும் சாப்பிடவில்லை. வெற்றிலைக்கு ஆசைப்பட்டுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்தவள் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து அப்பாவின் தறிக்குத் தார் சுற்றியது அவள்தான். கோழி கூவுவதற்கு முன்னால் ராட்டைச் சத்தம் தொடங்கிவிடும்.

ஆனி மாதம் காகிதம் சொன்னபடியே எல்லாம் வந்தன. ஓட்டுக் கட்டடம், உருண்டை, கறுப்புக் குடை பிடித்து ஏரிக்கரையில் நடந்து வந்த டீச்சரம்மா. அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் நாங்கள் ஆறு பேரும் மூச்சுவிட மறந்தோம். உருண்டையைச் சுற்றும் முறை எனக்கு வந்தபோது ஒற்றை விரலால் தள்ளிவிட்டேன். இத்தனை பெரிய சமுத்திரம் என் விரலடியில் ஓடுகிறதே என்று அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

தை மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு எழுந்தவர்களுக்குத் தாம்பூலத் தட்டு வந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "நமக்கு வெத்தல ஒத்துக்காதுங்க, சாமி. பொறந்ததுலருந்தே பழக்கமில்லீங்க" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாலாம் வகுப்புப் படிக்கிறவள் அல்லவா, பொய்யைத் திருத்தாமல் இருக்கலாமா? "அன்னிக்கு மட்டும் அப்பா வர்ற சத்தம் கேட்டதும் அவசர அவசரமா மென்னியேம்மா!" என்றேன் சபையே கேட்கும்படி.

பக்கத்தில் நின்ற அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்கு வெளியே போய்விட்டார்.

அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். உயிரே போய்விட்டது. உள்ளதைச் சொன்னதற்குக் கிள்ளா என்று வீடு திரும்பும் வழியெல்லாம் வண்டியில் அழுதுகொண்டே வந்தேன். அவள் என்னை மடியில் இழுத்துப் போட்டு, கிள்ளிய இடத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். கிள்ளுவானேன், அப்புறம் தடவுவானேன் என்று எனக்கு அன்று ஒன்றுமே விளங்கவில்லை.