டைனமோ தாங்கியும் அமாவாசையும்

கொல்லம் 1127 வைகாசி, இங்கிலீஷுக்கு 1952 மே. அந்த ஒரு வாரத்தை என்னால் நாள்வாரியாகச் சொல்ல முடியும், டைரியில் இருக்கிறது. திங்கட்கிழமை அத்தான், அதாவது என் அக்காள் வீட்டுக்காரர், தன் லாரி எஞ்சினை அளந்து படம் வரைந்து தரச் சொன்னார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த லாரி நாகர்கோவிலில் வண்டி இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்க வேண்டும். தகுதிச் சான்று அன்றோடு முடிகிறது.

லாரி யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு ஓடி, பிறகு ஏலத்துக்கு வந்தது. அதை எடுக்கும்வரை அத்தான் ஒரு பஸ் முதலாளியிடம் டிரைவர். ஒரு நாள் முதலாளியோடு வாய்ச்சண்டை போட்டு, இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தவர். சனிக்கிழமை முன்விளக்கு எரியாவிட்டால் லாரி ஓடாது. லாரி ஓடாவிட்டால் அந்த வாசலை மிதிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சங்கடம் டைனமோவில் இருந்தது. எஞ்சின் சுற்றும்போது பெல்ட் வழியாகத் தானும் சுற்றி பேட்டரிக்குக் கரண்டு ஏற்றுகிற உருளை அது. பழையது கருகிவிட்டது. திருவனந்தபுரத்துப் பழைய சாமான் கடையில் அத்தானுக்குக் கிடைத்ததோ ஒரு பஸ்ஸின் டைனமோ. ஆள் கொஞ்சம் தடிமன். பழைய தாங்கியில் உட்கார மாட்டேன் என்றது. புதுத் தாங்கி அடிக்க வேண்டும்.

நான் ஆதாரம் எழுதுகிறவன். நிலம் விற்கிறவர், வாங்குகிறவர்களுக்குப் பத்திரம் எழுதிக் கொடுப்பது தொழில். லைப்ரரியில் மோட்டார் புத்தகங்கள் இரண்டு மூன்று படித்திருந்ததால் அத்தான் என்னை நம்பினார். அடிக்கோலும் நூலுமாக எஞ்சினுக்குள் தலையை விட்டு, அரைக்கால் அங்குலம்கூடப் பிசகாமல் அளந்தேன். பழக்கதோஷத்தில் படத்தில் நான்கெல்லையும் எழுதிவிட்டேன்: டைனமோவுக்குத் தெற்கு எஞ்சின், வடக்கு பானெட், கிழக்கு ரேடியேட்டர், மேற்கு டிரைவர் காலடி.

சுசீந்திரம் ரோட்டில் வண்டிச்சக்கரத்துக்குப் பட்டை போடும் கொல்லாசாரி படத்தை வாங்கி நிதானமாக வாசித்தார்.

"வண்டியைத் திருப்பி நிறுத்தினா எல்லை மாறிப்போவுமே சாரே?"

அத்தான் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வேலையில் ஆசாரி கெட்டிக்காரர். கட்டைவண்டிப் பட்டைத் துண்டைப் பழுக்கக் காய்ச்சி மடக்கி, டைனமோவைத் தாங்கிப் பிடிக்க இரண்டு காது எடுத்தார். துளைகளைச் சூட்டோடு உளிவைத்துக் குத்தினார். டைனமோ எஞ்சின் பக்கமாகச் சரிந்து பெல்ட் தொய்யாதபடி மேலே பிடிக்க ஒரு நீளக் கையும் அடித்தார். புதன்கிழமை மாலை மாட்டிப் பார்த்தோம். அச்சு அசலாக உட்கார்ந்தது. நான் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்ட விதத்தைப் பற்றி அக்காள் இரண்டு வருஷம் கேலி பண்ணினாள்.

வியாழக்கிழமை அத்தான் ஆரல்வாய்மொழிவரை ஓட்டிவிட்டுத் திரும்பினார். வரும்போது விளக்கு மின்மினியாக இருந்தது. பெல்ட் தொளதொளவென்று கிடந்தது. பெல்ட்டும் புதிது. புது பெல்ட் ஓட ஓட நீளும். அதற்குத் தக்கபடி டைனமோவைத் தள்ளிவைக்க அந்தக் கையில் நீளத் துளை இருக்க வேண்டும். நான் படத்தில் ஒரே ஒரு வட்டத் துளை போட்டிருந்தேன். நிலத்துக்கு எல்லை நகராது என்பது என் மண்டையில் அவ்வளவு ஊறியிருந்தது. இத்தனைக்கும் நீளத் துளையைப் பற்றிய பக்கத்தை நான் என்றைக்குப் படித்தேன் என்பதுகூட டைரியில் இருக்கிறது.

அந்த இரும்புக் கையைக் கழற்றிக்கொண்டு பட்டறைக்கு ஓடினோம். உலை அணைந்திருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, அமாவாசை. அமாவாசையன்று ஆசாரிமார் உலை மூட்டமாட்டார்கள், சுத்தியலைத் தொடமாட்டார்கள். நீளத் துளை வெட்ட அரை நாள் வேண்டும். சனிக்கிழமை விடிந்து உலை மூட்டினால் பத்து மணிக்கு முடியாது. அத்தான் கெஞ்சிப் பார்த்தார். ஆசாரி வருத்தத்தோடு, ஆனால் உறுதியாக, முடியாது என்று தலையை ஆட்டினார். கிழமையை எல்லாம் எண்ணிய நான் திதியைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அத்தான் மட்கார்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பஸ் ஓட்டிய காலத்துக் காக்கிச் சட்டையை அக்காள் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தாள்.

ஒன்பது மணிக்குக் குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில் ஆசாரி வந்தார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

"கைக்குத்தான் ஓய் அமாவாசை, வாய்க்கு இல்ல," என்றார். டைனமோவைக் குனிந்து பார்த்துவிட்டு அத்தானிடம் கேட்டார். "கலப்பையில ஏர்க்கால் ஆடினா என்ன செய்வீரு?"

"ஆப்பு அடிப்பேன்."

"பின்ன என்னவே முழிக்கேரு?"

எதிர் வயலில் கன்னிப்பூ சாகுபடிக்கு உழவு நடந்துகொண்டிருந்தது. உழுகிறவரிடம் கேட்டுப் புளியங்கட்டைத் துண்டு ஒன்று வாங்கி வந்தோம். அத்தான் வாச்சியால் செதுக்க, ஆசாரி வாயாலேயே வேலை வாங்கினார். நுனியை இன்னும் ஒல்லியாக்கு, நார் ஓடுகிற பக்கமாகப் பிடி, இப்படியா வாச்சியைப் பிடிப்பது, மீன் வெட்டவா போகிறீர் என்று வசவு வேறு. தாங்க முடியாமல் இரண்டு தடவை கையை நீட்டி, நினைவு வந்து கக்கத்தில் செருகிக்கொண்டார். என் இரும்புக் கை தேவைப்படவே இல்லை. எஞ்சினுக்கும் டைனமோவுக்கும் நடுவில் ஆப்பு இறங்கியது. பெல்ட் உள்ளே இழுக்கும், ஆப்பு வெளியே தள்ளும். தொய்ந்தால் இரண்டு தட்டு. விழாமல் இருக்கக் கம்பியால் ஒரு கட்டு.

சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்த்தார், ஹாரனை அடித்தார், பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னார். திருவனந்தபுரத்துக்காரர், மலையாளம். புளியங்கட்டையைப் பேனாவால் தொட்டு இது என்ன என்று கேட்டார். நான் முந்தின நாளே மனப்பாடம் செய்து வைத்திருந்த விளக்கத்தை ஆரம்பித்தேன். அத்தான் குறுக்கே விழுந்தார்.

"ஆப்பு சாரே. தட்டினா பெல்ட்டு முறுகும்."

தட்டிக் காட்டச் சொன்னார். ஓடுகிற எஞ்சினில் அத்தான் ஸ்பானரால் இரண்டு தட்டு தட்டினார். முன்விளக்கு இரண்டும் பளிச்சென்று ஏறின. இன்ஸ்பெக்டர் விளக்கின் முன்னால் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"கொள்ளாம்," என்று மெச்சினார். ஆறு மாதத்துக்குள் இரும்பில் சரியாகச் செய்து காட்ட வேண்டும் என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

அத்தான் விளக்கை அணைக்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து வழி நெடுக, சைக்கிள்காரர்களும் வண்டிக்காரர்களும் லைட்டு எரியுது, லைட்டு எரியுது என்று கைகாட்டினார்கள். அத்தான் ஒவ்வொருவருக்கும் வேகத்தைக் குறைத்து, "எரியட்டும் மக்கா," என்று பதில் சொன்னார். சுசீந்திரம் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, பட்டப்பகலில் விளக்கு எதற்கு என்று கேட்டார். அத்தான் சான்றை எடுத்துக் காட்டினார். அதோடு விட்டாரா? விளக்கை ஒரு தடவை அணைத்து, திரும்பவும் போட்டுக் காட்டினார். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் டைரியில் எழுத மணியைப் பார்த்தேன். பதினொன்று இருபத்தைந்து.