வளைவில்லாத ஒரு மணித்தியாலம்

அம்மாவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து அட்டனுக்கு ஒரு மணித்தியாலப் பயணம்தான். அதற்குள் வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். சித்தி கல்யாணமான புதிதில் புருஷன் வீட்டாரோடு இந்தியாவுக்குப் போன அன்றும் அப்படித்தான். தங்கச்சியை வழியனுப்ப அட்டன் ஸ்டேஷனுக்குக் கிளம்பிய அம்மா, வாந்தி தாங்காமல் பாதி வழியில் இறங்கிவிட்டார். ரயில் போய்விட்டது. அதன் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

இப்போது திருச்சியில் இருக்கும் சித்திக்கு முழங்கால் போய்விட்டது. அம்மா போனால்தான் உண்டு. கொழும்பிலிருந்து திருச்சி நானூறு கிலோமீட்டர் சொச்சம், விமானத்தில் ஒரு மணித்தியாலம் என்றேன். அம்மா நம்பவில்லை.

"வாந்தி எடுக்க நிப்பாட்டுற நேரத்தையும் சேத்துச் சொல்லு புள்ள."

அட்டனுக்கே போக முடியாதவரை ஆகாயத்தில் ஏற்றுகிறாயா என்று அண்ணன் என்னைக் கிண்டல் செய்தான். ஆனாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேனை அவனே ஓட்டினான், ஒரு கட்டுப் பொலித்தீன் பைகளோடு. கினிகத்தேனை மலை வளைவுகளிலேயே பாதிக் கட்டு காலி. எலுமிச்சம்பழத்தை முகர்ந்து முகர்ந்து அதுவும் கசங்கிப் போனது. அவிசாவளையில் அண்ணன் வேனை ஓரங்கட்டி, வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டான். எனக்கும் தைரியம் போய்விட்டது. அம்மா வாயைத் துடைத்துக்கொண்டார்.

"திரும்புனா அந்த வளைவெல்லாம் மறுபடியும் வருமேடா. நேரா விடு."

விமானத்தில் முன் இருக்கையின் பின்புறம் ஒரு காகிதப் பை செருகியிருந்தது. எதற்கென்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், புறப்படும் முன்பே அதை விரித்து வாயருகே பிடித்துக்கொண்டார். மேலே ஏறினோம். ஒன்றும் நடக்கவில்லை. தந்த பன்னைத் தின்றார். என் பன்னையும் வாங்கித் தின்றார். இறங்கப்போகிறோம் என்று அறிவித்தபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. இன்னும் சரியாக உட்காரக்கூட இல்லையாம்! பையைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது.

திருச்சி விமான நிலைய வாசலில் சித்தி கைத்தடியோடு நின்றார். அம்மாவின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"பாதி வழியில எறங்குனவ, இப்பத்தான் வந்து சேர்றியாக்கா?"

அம்மா அழுதுகொண்டே கைப்பையைத் திறந்து காகிதப் பையை எடுத்து, உள்பக்கம் தெரிய விரித்துக் காட்டினார்.

"பாருடி, சுத்தமா இருக்கு. அடுத்த தடவ நீ வா. ஒரு மணித்தியாலம்தான், வளைவே இல்ல."

கட்டுநாயக்காவில் இறங்கிய பிறகு வரும் மலை வளைவுகளைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.