பக்கத்து சீட்டில் இரண்டு நாள்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் வாடகைக் கார் ஓட்டியே எனக்கு இருபது வருஷம் போய்விட்டது. கல்யாணச் சவாரி, ஆஸ்பத்திரிச் சவாரி, கோட்டக்குப்பத்திலிருந்து துபாய் கிளம்புகிறவர்களை ஏர்போர்ட்டில் விடும் சவாரி. அவர்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். நான் வந்த ரோட்டிலேயே திரும்புவேன். வீட்டிலும் ஒரு இடத்தில் உட்கார முடியாது.

அந்தமானில் காட்டுப் பாதையில் வண்டி ஓட்டும் போட்டி, நான்கு நாள் ஜீப் ராலி நடப்பதை ஒரு வாடிக்கையாளர் போனில் காட்டினார். அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல ஓர் ஆள் வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் நழுவினார்கள். கடைசியில் என் மனைவி சொன்னாள்: "நான் வர்றேன். லைசென்ஸ் எடுத்துக் குடுத்துட்டு வண்டியத் தொட வுட மாட்றீங்க. பக்கத்துலயாவது குந்திக்கினு வர்றேன்."

எங்கள் பழைய டீசல் ஜீப் கப்பலில் முன்னால் போக, நாங்கள் பின்னால் போய்ச் சேர்ந்தோம்.

முதல் நாள் சமாளித்தோம். இரண்டாம் நாள் காட்டுக்குள், ஒரு காலத்தில் மரம் ஏற்றிப்போன பாதை. சேறும் வேரும்தான் ரோடு. திருப்பங்களைக் குறித்த தாள் அவள் மடியில் இருந்தது.

"அடுத்து கடல்ல சேர்ற ஓடை. எறங்கிப் பாத்துட்டுப் போவணும்னு போட்டிருக்குங்க."

முன்னால் போன வண்டியின் சத்தம் எதிர்க்கரையில் கேட்டது. பிடித்துவிடலாம் என்று தோன்றியது.

"அவன் போயிட்டான் இல்ல? நாம போவ முடியாதா?"

"கடல் தண்ணி ஏறிக்கினு இருக்குது. நில்லுங்க!"

நான் நிற்கவில்லை. நடு ஓடையில் என்ஜின் இரண்டு முறை இருமி அடங்கியது. தண்ணீர் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. அவள் தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மீட்பு லாரி வர மூன்று மணி நேரம் ஆனது. நான் கரையில் காலில் ஏறிய அட்டைகளை உதறிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அவள் ஒரு வேரில் உட்கார்ந்து தாளை ஊதி ஊதிக் காயவைத்தாள். மெக்கானிக் டீசல் பீய்ச்சும் நாசல்களைக் கழற்றிவிட்டு என்ஜினைச் சுற்றவிட்டதும் அது தண்ணீரைக் கக்கியது. அதற்குள் அன்றைய நேரம் முடிந்து, எங்களைப் போட்டியிலிருந்து விலக்கிவிட்டார்கள். ஆனால் மீதித் தூரத்தை ஓட்டி முடிக்கலாம் என்றார்கள்.

மறுநாள் காலை நான் ஜீப்பிடம் போனபோது அவள் டிரைவர் சீட்டில் இருந்தாள்.

"இன்னாது இது?"

"ரெண்டு பேருமே ஓட்டலாமாம். கேட்டுட்டேன். ஜல்தியா ஏறுங்க."

லைசென்ஸுக்காக எங்கள் ஊர்ப் பக்கம் பனமலை ஏரிக்கரையில் சில நாள் ஓட்டிப் பழகியவள், அவ்வளவுதான். என் பக்கம் இல்லாத பிரேக்கை என் கால் மிதித்துக்கொண்டே வந்தது. "ரெண்டாவது கியர் போடு. ஒடி. இன்னும் ஒடி." ஒரு பாறை ஏற்றத்தில் வண்டி பின்னால் நழுவியது. வலப்பக்கம் சரிவு, அதன் அடியில் கடல். என் கை தானாக ஸ்டியரிங்குக்குப் போனது. அவள் அதைத் தட்டிவிட்டு பிரேக்கை அழுத்தினாள்.

"கைய எடுங்க. அடுத்து இன்னா இருக்குது? அத மட்டும் சொல்லுங்க."

அவள் என் மடியில் போட்டிருந்த தாளைப் பார்த்தேன். எந்த வரியில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை. காலையிலிருந்து ஒரு வரிகூட நான் படித்திருக்கவில்லை.

"தெரியல" என்றேன்.

அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் காத்திருந்தாள். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. விரல் வைத்துத் தேடினேன்.

"ஏறினதும் லெஃப்ட் வளைவு. வளைவுல பள்ளம்."

"ம்."

ஏறினாள். பள்ளத்தை ஒட்டி வளைத்தாள். அதற்குப் பிறகு நான் வரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நான்காம் நாளும் அவளே ஓட்டினாள். முடிவுக் கொடியைத் தாண்டியும் நிறுத்தாமல், மணலில் இறங்கி, அலை எதிரே வந்த பிறகுதான் நிறுத்தினாள். என்ஜினை அணைக்கவில்லை.

"அடுத்த ராலி எங்கியாம்?" என்றாள்.

விசாரித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினேன். பாதி மணல் நடந்து திரும்பிப் பார்த்தால், அதற்குள் பொறுக்காமல் அவள் ஜீப்பை ரிவர்ஸ் எடுத்து என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.